ஆவணமும் அமைப்பும் – 9: பிரிவு எண்ணை யார் இடுவது?

எக்ஸ்எம்எல் ஆவணத்தில் ஒரு பிரிவின் தலைப்பும் உள்ளடக்கமும் இருக்கும். எண் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அந்தப் பிரிவு எந்த அத்தியாயத்துக்குள் அடங்கியது, அதற்கு முன்னால் எத்தனை பிரிவுகள் உள்ளன என்பது குறிச்சொற்களின் அடுக்கிலிருந்தே தெரிந்துவிடும். ஆவணத்தை இணையப் பக்கமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மாற்றும் நேரத்தில் அவற்றை எண்ணி இலக்கமிடுவது உருமாற்று நிரலின் வேலை. 1999 நவம்பர் 16 அன்று டபிள்யு3சி வெளியிட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0 மொழியில் இதற்கென்றே ‘நம்பர்’ என்ற கட்டளை உண்டு.

அந்தக் கட்டளை மூன்று விதமாக எண்ணும். ‘சிங்கிள்’ தன் மட்டத்தில் தனக்கு முன் வந்தவற்றை மட்டும் எண்ணும். ‘மல்டிபிள்’ மேலே உள்ள ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே எண்ணிக் கோத்துத் தரும். மூன்றாம் அத்தியாயத்து இரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு 3.2.4 ஆவது இப்படித்தான். ‘எனி’ அடுக்குகளைப் பொருட்படுத்தாமல் தொடக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக எண்ணும். படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் ஏற்றது. டாக்புக் ஆவணங்களுக்கான பொது நடைதாள்களில் அத்தியாய எண் தானாக வரும். பிரிவு எண் வராது. ‘செக்‌ஷன்.ஆட்டோலேபல்’ என்ற அளவுருவை 1 ஆக்கினால் வரும். அப்போதும் அத்தியாய எண் முன்னால் சேராது. அதற்கு வேறோர் அளவுருவை மாற்ற வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

செம்பனைப் பராமரிப்புக் கையேடு ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உரமிடுதலுக்கு முன்னால் வடிகால் பற்றிய அத்தியாயம் புதிதாகச் சேர்ந்தால், பின்னுள்ள எண்கள் எல்லாம் அடுத்த உருமாற்றத்தில் தாமே நகர்ந்துவிடும். “பிரிவு 5.2 காண்க” போன்ற குறிப்புகளும் எண்ணால் அல்லாமல் அடையாளக் குறியால் இணைக்கப்பட்டிருந்தால் சேர்ந்தே மாறும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நூலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சட்ட நூலுக்கு இதே ஏற்பாடு ஆபத்து. மலேசியாவில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு சட்டங்கள் மிக நெருக்கமானவை. ஒன்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். மற்றொன்று லயத்து வீடுகளையும் ஆயாக் கொட்டகையையும் பற்றிப் பேசும் 446ஆம் சட்டம், 1990இல் வந்தது. அத்தியாயம்தோறும் ஒன்றிலிருந்து தொடங்கும் நூலைப் போல் அல்லாமல், சட்டத்தில் பகுதிகள் மாறினாலும் பிரிவு எண் ஒரே தொடராக ஓடுகிறது. அதனால் ‘மல்டிபிள்’ இங்கே முதலிலேயே தவறிவிடும். ‘எனி’தான் பொருந்தும் என்று தோன்றும். திருத்தம் ஒன்று வரும் வரை அதுவும் பொருந்தும்.

வேலைச் சட்டத்தின் திருத்தம் ஒன்று 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவு வேலை, சுரங்க வேலை பற்றிய 34, 35, 36ஆம் பிரிவுகள் அதில் நீக்கப்பட்டன. அடுத்துள்ள 37ஆம் பிரிவு பேறுகால விடுப்பைச் சொல்வது. விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, எண் மட்டும் 37ஆகவே நின்றது. இருப்பவற்றை மட்டும் எண்ணும் நிரல் அதை மூன்று எண் பின்னுக்குத் தள்ளி 34 ஆக்கிவிடும். அதே திருத்தம் தந்தையருக்கு 7 நாள் விடுப்பு தந்தது. நோய் விடுப்பைச் சொல்லும் 60எஃப்-ஐ அடுத்து அது 60எஃப்ஏ என்ற எண்ணோடு நுழைந்தது. எழுத்து வரிசைப்படி எண்ணும் நிரலோ அதற்கு 60ஜி என்றுதான் பெயரிடும். 446ஆம் சட்டத்திலும் இதே நிலைதான். தங்குமிடச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் 24டி, 2020 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்த திருத்தத்தால் இடையில் செருகப்பட்டது.

தொழிலாளர் இலாகாவுக்கு எழுதும் புகாரிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் மேற்கோளாக நிற்பது அந்த எண்தான். ஆகவே சட்டத்தில் எண் என்பது அலங்காரம் அல்ல, உள்ளடக்கத்தின் ஒரு பாகம். அதைக் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். நாடாளுமன்ற, நீதிமன்ற ஆவணங்களுக்காக உருவாகி 2018இல் ஓயாசிஸ் தரமாக ஏற்கப்பட்ட அக்கோமா ந்தோசோ இப்படித்தான் செய்கிறது: ஒவ்வொரு பிரிவிலும் ‘நம்’ என்ற உறுப்பு எண்ணைத் தாங்குகிறது. டாக்புக்கிலும் ‘லேபல்’ என்ற பண்பில் எண்ணைத் தந்துவிட்டால் நடைதாள் தானாக எண்ணாமல் அதையே எடுத்துக்கொள்ளும். சட்டத்துக்கு விளக்கவுரை எழுதுபவர் தம் அத்தியாயங்களைத் தானியங்கிக்கு விட்டுவிட்டு, சட்டப் பிரிவுகளுக்கு மட்டும் இந்தப் பண்பைப் பயன்படுத்தலாம்.

இணையப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எண்ணை உருமாற்றத்தின்போது இடாமல், சிஎஸ்எஸ் எண்ணியிடம் விட்டுவிடுவோர் உண்டு. திரையில் எண் சரியாகவே தெரியும். ஆனால் அது பக்கத்தின் உரையில் இல்லாததால், பத்தியை நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டும்போது எண் பெரும்பாலும் கூடவே வராது. தொழிற்சங்கச் செயலவையினர் கைபேசியில் படித்து நகலெடுக்கும் பக்கங்களில் எண் உண்மையான எழுத்தாகவே இருந்தாக வேண்டும்.

தமிழ்ப் பதிப்பில் உட்பிரிவுகளுக்கு அ, ஆ, இ, ஈ என எழுத்திட ஆசை வரும். ‘நம்பர்’ கட்டளைக்கு ‘அ’ என்ற வடிவத்தைக் கொடுக்கத் தடை ஏதுமில்லை. அந்த வரிசையை அறியாத செயலி 1, 2, 3 என்று எழுதிவிடும். தரமே அதைத்தான் சொல்கிறது. செயலிக்குத் தெரிந்தாலும் சட்டத்துக்கு அது வேண்டாம். மலாய் மூலத்தில் ‘டி’ எனக் குறிக்கப்பட்ட உட்பிரிவு தமிழில் ‘ஈ’ ஆனால், தொழிலாளியும் அதிகாரியும் ஒரே வரியை வெவ்வேறு பெயரால் சுட்டுவார்கள். மூலத்தின் எழுத்தையே வைத்துக்கொள்வது நல்லது.

கையால் எழுதிய எண்ணில் பிழை நேரும் என்ற அச்சம் நியாயமானது. எண்ணும் பொறுப்பை இழந்த நிரலுக்குச் சரிபார்க்கும் பொறுப்பைத் தரலாம். எண்ணில்லாத பிரிவோ ஒரே எண் கொண்ட இரு பிரிவுகளோ தென்பட்டால், எக்ஸ்எஸ்எல்டியின் ‘மெசேஜ்’ கட்டளையில் ‘டெர்மினேட்’ பண்புக்கு ‘யெஸ்’ கொடுத்து உருமாற்றத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். நீக்கப்பட்ட 34, 35, 36 போன்றவற்றையும் கோப்பிலிருந்து அழிக்காமல், “நீக்கப்பட்டது” என்ற குறிப்போடு அவற்றின் இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.