அச்சில் விழுந்த கீறல்

சிங்கம்புணரிச் சந்தையில் கயிற்று வியாபாரியும் மளிகைக்காரரும் எண்ணிப் போடுகிற சில்லறையில், எழுத்தொன்று மங்கியோ, சிங்கத்தலைகளின் குறுக்கே மெல்லிய கோடொன்று புடைத்தோ காணப்படும் நாணயம் எப்போதேனும் தட்டுப்படுவதுண்டு. அதைச் செல்லாக்காசென்று தள்ளுவோரும் உண்டு. இலட்சக்கணக்கில் விலைபோகுமென்று பெட்டியில் பூட்டுவோரும் உண்டு. இரு சாராரும் கவனியாது விடுவது, அக்கோடு நாணயத்தின் மேல் பிற்பாடு விழுந்ததன்று, அதனைப் பிறப்பித்த எஃகு அச்சிலேயே விழுந்தது என்னும் விஷயத்தைத்தான்.

நாணயச்சாலையில், இயந்திரத்தின் மேலும் கீழுமாகப் பொருத்தப்பட்ட இரண்டு அச்சுகள், நடுவே ஒரு வளையத்துக்குள் வந்து அமரும் வெற்று உலோகவில்லையைப் பல பத்து டன் அழுத்தத்தோடு, நிமிடத்திற்குப் பல நூறு என்னும் வேகத்தில் அடித்து, எழுத்தையும் உருவத்தையும் ஒருங்கே பதிக்கின்றன. வில்லை அந்த அடியை ஒரே ஒரு முறை வாங்குகிறது. அச்சோ தன் ஆயுளில் இலட்சக்கணக்கான முறை வாங்குகிறது. தேயாதிருக்கவேண்டி அச்சின் எஃகைக் கடினமாக்குகிறார்கள். கடினம் ஏற ஏற, நொறுங்கும் சுபாவமும் உடன் ஏறுகிறது. எழுத்துகளின் கூரிய மூலைகளிலும் விளிம்பையொட்டிய இடங்களிலும் அழுத்தம் குவிவதால், கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பொன்று அங்கே தோன்றி, அடிக்கு அடி அணுவணுவாக நீள்கிறது. 1992-ஆம் ஆண்டு முதல் நமது ஒரு ரூபாய், தாமிரமும் நிக்கலும் கலந்த பழைய உலோகத்தை விடுத்து, நூற்றுக்கு 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகுக்கு மாறிற்று. உலோகம் கடினமாயிற்று, அச்சின் பாரமும் அதற்கேற்பக் கூடிற்று.

வெடித்த மரஅச்சில் கொழுக்கட்டை பிடித்தால், வெடிப்புக்குள் மாவு புகுந்து, கொழுக்கட்டையின் மேல் ஒரு வரம்பாக எழும்பி நிற்குமல்லவா? நாணயத்திலும் அங்ஙனமே. ஆகவே மேடாக எழுந்த கோடு அச்சின் வெடிப்பு. பள்ளமாகக் கீறிய கோடு பெரும்பாலும் தெருவில் பட்ட காயம். இந்த ஒரு பேதத்தை அறிந்தவர் நாணயப் பிழைகளில் பாதியைக் கற்றவராவர். வெடிப்பு முற்றி விளிம்போரத்தில் அச்சின் துண்டொன்றே பெயர்ந்துவிட்டால், அவ்விடத்தில் எழுத்தேதுமின்றி உலோகம் கட்டியாகத் திரண்டு நிற்கும். வில்லை வந்து சேராத கணத்தில் அச்சுகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டால், ஒரு பக்கத்து உருவத்தின் சுவடு மறுபக்கத்தில் இடவலம் மாறி நிழல்போலப் படியும்.

அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937-ஆம் ஆண்டு, இவ்வாறு மோதிய ஓர் அச்சைத் தேய்த்துச் செப்பனிடப்போக, ஐந்து சென்ட் நாணயத்திலுள்ள காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்து போயிற்று. 1922-இல் ஒரு சென்ட் நாணயம் அந்தச் சாலையிலே மாத்திரமே அடிக்கப்பட்டது. எனவே ஒவ்வொன்றிலும் டென்வரைக் குறிக்கும் ‘டி’ என்னும் அடையாளம் இருந்தாகவேண்டும். அச்சு தேய்ந்தும் பள்ளம் அடைபட்டும் போனமையால், அவ்வெழுத்தே இல்லாத நாணயங்கள் சில வெளிவந்தன. நம் நாட்டிலோ மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று குறிகள் இருக்க, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. மசகு அடைத்து நட்சத்திரம் விழாமற்போன ஹைதராபாத்து நாணயம் கொல்கத்தா நாணயமாகவே தோன்றக்கூடும் என்பதைச் சேகரிப்போர் நினைவிற் கொள்வது நலம்.

அண்டைப் புதுக்கோட்டையில் வழங்கிய அம்மன் காசில், ஒரு புறம் பிரகதாம்பாளும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்னும் எழுத்தும் உண்டு. இயந்திரம் வருமுன் சம்மட்டியால் அடித்த அக்காசுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது, எதைப் பிழையென்பது? ஒருமைப்பாடு வந்த பின்னரே பிழை கண்ணிற் படலாயிற்று. எனினும் அச்சுச் சிதைவின் அரிய பிரயோஜனம் கையால் அடித்த பழங்காசுகளில்தான் வெளிப்படுகிறது. ஆண்டு பொறிக்காத இரண்டு காசுகள் ஓர் அச்சிற் பிறந்து, ஒன்றில் வெடிப்பு சிறிதாயும் மற்றதில் நீண்டும் இருக்குமாயின், சிறிதானது முந்தியது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அச்சில் விழுந்த வெடிப்பு மீண்டும் கூடுவதில்லை. ஓர் அச்சு உடைந்து அதன் இணை மட்டும் புதியதோடு சேர்ந்து தொழில் செய்திருந்தால், அந்தத் தொடர்பைப் பற்றிக்கொண்டே அடுத்த காசுத்தொகுதிக்கும் போகலாம். கிரேக்க, ரோமானியக் காசுகளின் முன்பின் வரிசையை அறிஞர் நிர்ணயித்ததும் இந்த வழியில்தான். சாசனம் மௌனமாயிருக்கும் இடத்தில் சாட்சி சொல்ல வரும் இந்தக் கீறலைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நாணயங்களை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாமென்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பெட்டியில் நாணயம் வைத்திருப்போர் அதைப் புளியிட்டுத் துலக்கவும் வேண்டாம். அச்சின் தேய்வு பதித்த நுண்ணிய வரிகள் அதில் அழிந்துபோகும். ஒரே ஆண்டும் ஒரே குறியும் உடைய நாணயங்களைச் சேர்த்துவைத்து, ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து வந்தால், ஒரே வெடிப்பு வெவ்வேறு நீளத்தில் ஓடும் இரண்டு நாணயங்கள் அகப்பட இடமுண்டு.