ஜாலான் புசாரிலிருந்து சாங்கிக்கு: பிள்ளையுடன் முதல் விமானப் பயணம்

நம் பாட்டன் பாட்டியர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி மலாயா வந்த காலத்தில், இடைவழியில் இறங்கி வேறொன்றில் மாறி ஏறும் தொல்லை அவர்களுக்கு இருந்ததில்லை. 1926ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ராஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என ஒரே தடத்தில் பல்லாண்டுகள் ஓடியது. பாயும் தலையணையுமாக அதன் தளத்தில் இடம் பிடித்தவர், ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின் அதே தளத்திலிருந்து எழுந்து கரையிறங்கினார். அதன் பின் வந்த சிதம்பரம் கப்பலும் 1980களின் நடுப்பகுதியோடு நின்றுபோயிற்று. பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்தக் குலதெய்வக் கோயிலுக்குப் போக விரும்பும் தோட்டத்துக் குடும்பத்திற்கு இன்று விமானமே வழியாகும்.

முதன்முறை பயணம் செய்வோர் வானத்தில் பறப்பதை எண்ணியே அஞ்சுகின்றனர். உண்மையில் இடர் நேர்வது வானத்திலன்று, தரையில்தான். ஒரு பேருந்திலிருந்து மறு பேருந்துக்கும், பேருந்திலிருந்து விமானத்துக்கும், ஒரு விமானத்திலிருந்து மறு விமானத்துக்கும் மாறுகின்ற இடங்களிலேதான் நேரமும் பணமும் கைநழுவிப் போகின்றன. நம் நாட்டில் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பெற்றது. அத்தகைய ஊதியத்தில் மூவருக்குச் சீட்டு வாங்குவது பல மாதச் சேமிப்பு. ஒரு மணி நேரத் தாமதத்தில் அது முழுவதும் போய்விடக்கூடும்.

ஆகவே, பணம் செலுத்துவதற்கு முன்பாகப் பயண முகவரிடம் தவறாது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இடையில் விமானம் மாற வேண்டுமாயின், இரு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் அடங்கியுள்ளனவா, அல்லது இரண்டு தனித்தனிச் சீட்டுகளா என்பதே அக்கேள்வி. ஒரே பதிவெண்ணில் அமைந்த சீட்டாயின், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைப் பிடிக்க இயலாமற் போனால், பொதுவாக அந்நிறுவனமே அடுத்த விமானத்தில் இடம் தேடித் தரும். தனித்தனியாக வாங்கிய இரு சீட்டுகளாயின், இரண்டாம் நிறுவனத்தார் முதல் விமானத்தின் தாமதத்தைக் கணக்கிற் கொள்ள மாட்டார்கள். பயணி வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். பல நிறுவனங்களில் திரும்பி வருவதற்கான சீட்டும் அத்துடன் இரத்தாகிவிடும். தனிச்சீட்டுகள் ஐம்பதோ நூறோ வெள்ளி மலிவாக இருக்கலாம். தனியாகச் செல்லும் இளைஞர் அதனைத் துணிந்து வாங்கட்டும். பிள்ளையுடன் செல்வோர் வாங்காதிருத்தலே நலம் என்பது நம் கருத்து.

பிள்ளையின் வயதையும் இவ்வேளையிலேயே கூறிவிட வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தை தாயின் மடியில் பயணம் செய்யலாம். எனினும் அதற்கும் சீட்டு உண்டு. போகும்போது ஒன்றே முக்கால் வயதாக இருந்து, ஊரில் இருக்கையில் இரண்டு நிரம்பிவிடுமாயின், திரும்பும் பயணத்திற்கு அதற்கென இருக்கை வாங்க வேண்டும். கடப்பிதழும் இந்திய விசாவும் எவ்வளவு சிறிய குழந்தைக்கும் தனித்தனியே தேவை. தாயோ தந்தையோ மட்டும், அல்லது தாத்தா பாட்டியர், அழைத்துச் செல்வதாயின், பிறப்புச் சான்றிதழின் படியும் உடன் வராத பெற்றோரின் சம்மதக் கடிதமும் கைவசம் இருக்கட்டும்.

ஜாலான் புசாரில் ஓர் இரவு

ஜோகூர் மாநிலத்துத் தோட்ட மக்கள் பலருக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையமே அண்மையில் உள்ளது. அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் நேரடி விமானங்கள் செல்கின்றன. ஆயினும் தோட்டத்திலிருந்து புறப்பட்டு அன்றே விமானமேறலாம் எனத் திட்டமிடுவது தகாது. காரணம், பாலத்தைக் கடக்கும் முறை.

லார்க்கின் நிலையத்திலிருந்து சிங்கப்பூர் செல்லும் பேருந்து, முதலில் ஜோகூர் பாருவின் குடிநுழைவுக் கட்டடத்தில் நிற்கும். பயணிகள் எல்லாப் பெட்டிகளுடனும் இறங்கி, மேலேறி, சோதனை முடித்து, மீண்டும் கீழிறங்கிப் பேருந்தில் ஏற வேண்டும். சற்றேறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்ததும் உட்லண்ட்சில் இதே சடங்கு மறுபடியும் நடைபெறும். இறங்கிய பேருந்து நமக்காகக் காத்திராது. அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும், ஆதலின் சீட்டைத் தொலைத்துவிடலாகாது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிள்ளை என்று இதனை இரு முறை செய்தபின் தாய்க்கு எஞ்சியிருக்கும் பொறுமை சிறிதே. வெள்ளி மாலையிலும், பள்ளி விடுமுறையிலும், பெருநாட்களுக்கு முன்பும் இவ்வொரு கிலோமீட்டரே பல மணி நேரத்தை விழுங்கிவிடும்.

சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொருவரும், குழந்தை உட்பட, சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பியிருக்க வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அதனை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவாயினும் அது அரசாங்கத்தின் பக்கமன்று என அறிக. வெற்றிலையுடன் புகையிலை போடும் முதியவர்கள் அதனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடையுள்ளது.

லார்க்கினிலிருந்து வரும் பேருந்துகளுள் சில குயின் தெரு நிலையத்தில் நிற்கின்றன. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே ஜாலான் புசார் தொடங்குகிறது. இந்தச் சாலையும் இதற்கு இணையாகச் செல்லும் சிராங்கூன் சாலையும் நம்மவர்க்குப் புதியவையல்ல. இட்டிலியும் தோசையும் கிடைக்கும் உணவகங்கள், வீரமாகாளியம்மன் கோயில், அங்குலியா பள்ளிவாசல், நடுத்தர வாடகையில் தங்கும் விடுதிகள் யாவும் அவ்வட்டாரத்தில் உள்ளன. முதல் நாள் மாலையே வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, வயிறார உண்ணச் செய்து, அங்கே உறங்க வைத்துவிட்டால் மறுநாளைய பயணம் பாதி இலகுவாகிவிடும். ஓர் எச்சரிக்கை: இரு சாலைகளையும் இணைக்கும் சையது ஆல்வி சாலையில்தான் முஸ்தபா கடை இருக்கிறது. ஊர் உறவினர்க்கென்று அங்கே வாங்கிச் சேர்க்கும் பொருள்கள் மறுநாள் காலை விமான நிலையத்துத் தராசில் ஏறும் என்பதை மறத்தல் கூடாது. கூடுதல் எடைக்கு அங்கே கட்டும் பணத்திற்கு அப்பொருள்களை ஊரிலேயே வாங்கிவிடலாம்.

ஜாலான் புசார் இரயில் நிலையம் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்கே எக்ஸ்போவை நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறி, எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி, சாங்கி தடத்திற்கு மாறினால் அடுத்த நிலையமே விமான நிலையம். ஒரே ஒரு மாற்றந்தான். எனினும் பெட்டிகளுடன் மின்தூக்கியைத் தேடிச் செல்ல நேருமாதலின் ஒரு மணி நேரத்திற்கும் சற்று மேலாகவே ஒதுக்குக. அதிகாலை விமானமாயின் இரயில் கிடையாது. வாடகை உந்தே துணை.

சாங்கியின் எழுத்துகள்

1981ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் ஒரே முனையத்துடன் தொடங்கிய சாங்கிக்கு இப்போது நான்கு முனையங்கள் உள்ளன. எந்த முனையம் என்பதை அறியாமல் புறப்படலாகாது. விமானம் ஏறும் வாயிலுக்கு ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. அவ்வெழுத்தே முனையத்தைக் காட்டிக்கொடுக்கும். சி, டி என்றால் முதல் முனையம். ஈ, எஃப் என்றால் இரண்டாவது. ஏ, பி மூன்றாவது. ஜி, எச் நான்காவது. முதல் மூன்றையும் சிறு வான்தொடர் இரயில் இணைக்கிறது. நான்காவதற்குப் பேருந்தில் செல்ல வேண்டும்.

ஈப்போவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ விமானத்தில் சாங்கி வந்து, அங்கே தமிழ்நாட்டு விமானத்திற்கு மாறும் வடமாநிலத்தாருக்கு இவ்வெழுத்துகள் இன்னும் இன்றியமையாதவை. புறப்படும் இடத்திலேயே பெட்டியில் ஒட்டப்படும் தாளைக் கவனிக்க வேண்டும். அதில் போய்ச் சேரும் நகரின் மூன்றெழுத்துக் குறி இருக்கும்: சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட். அக்குறியும் இரு விமானங்களுக்கான போர்டிங் பாஸ்களும் கிடைத்துவிட்டால், சாங்கியில் பெட்டியைத் தேட வேண்டியதில்லை; குடிநுழைவைக் கடக்கவும் வேண்டியதில்லை; வருகை அட்டையும் தேவையில்லை. இறங்கியதும் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வெளியேறாமல், டிரான்ஸ்ஃபர் என்று குறித்த வழியில் செல்க. பெட்டித்தாளில் எஸ்.ஐ.என். என்று சிங்கப்பூரின் குறி மட்டும் இருக்குமாயின், குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, புதிதாக வந்தவர்போல் மீண்டும் பதிய வேண்டும். முன்னதற்கு இரண்டரை மணி நேர இடைவெளி போதும். பின்னதற்கு ஐந்து மணி நேரமேனும் வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்கள் பதிவு முகப்பை 60 நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடுகின்றன. பெயர் சொல்லி அழைப்பார்கள் எனக் காத்திராமல் திரையை அடிக்கடி நோக்குதல் வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை வாயிலின் அருகிலேயே நடைபெறுகிறது. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைக் கொண்டுசெல்ல இயலாதாயினும், குழந்தைக்கு வேண்டிய பாலுக்கு விலக்குண்டு. சோதனைக்குப் பிந்திய கூடங்கள் சிலவற்றில் கழிப்பறை இராது. ஆதலால் பிள்ளையை அதற்கு முன்பே அழைத்துச் சென்றுவிடுக. சிறு செய்திதான், வரிசையில் நின்றவர்க்கே இதன் அருமை தெரியும்.

பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோரின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று இருத்தல் வேண்டும். "அம்மாவைக் காணோம் என்றால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்" என்று வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழக்க வேண்டும்.

காதும் கடிகாரமும்

விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதால் காது அடைத்து வலிக்கும். மூக்கையும் காதையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்கு மிகச் சிறியது. விழுங்கும்போதுதான் அது திறக்கும். தரை தொடுவதற்கு அரை மணி முன்பே உறங்கும் பிள்ளையை எழுப்பி, பாலோ நீரோ சிறிது சிறிதாகப் புகட்டுக. சளி பிடித்திருந்தால் வலி மிகும். பயணத்திற்கு முன் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

பயணச்சீட்டிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களாகும். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. முன்னர் இவ்வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது. 1982 புத்தாண்டில் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதால் இரண்டரையாயிற்று. இரவு 9 மணிக்குப் புறப்பட்டு 10.30க்குச் சென்னை சேரும் எனச் சீட்டில் இருந்தால், அது ஒன்றரை மணிப் பயணமன்று, நான்கு மணிப் பயணம். பிள்ளையின் பாலை இதனைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

தூத்துக்குடி போன்ற ஊருக்குச் சென்னையில் மாறுவோர் அறிய வேண்டியது: இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிநுழைவும் சுங்கமும் முடிக்க வேண்டும். ஒரே சீட்டாயினும், பெட்டியைப் பொதுவாகச் சென்னையில் எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்திற்கு மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2023இல் திறக்கப்பெற்ற புதிய அனைத்துலகக் கட்டடத்திலிருந்து உள்நாட்டு முனையங்களுக்கு நடந்தே செல்லலாம். ஆனால் வாசலில் நிற்கும் காவலர் சீட்டையும் கடப்பிதழையும் பார்த்தே உள்ளே விடுவார். அவற்றைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தல் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி இருக்குமாறு சீட்டு வாங்குக.

திரும்பி வருகையில், சாங்கியில் இறங்கி ஜாலான் புசார் வழியாக ஜோகூர் செல்வோர் சிங்கப்பூர் வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். போகும்போது நிரப்பியது செல்லாது. ஊரிலிருந்து புறப்படும் முன்பே, இணைய வசதியுள்ள இடத்தில் அதனை முடித்துவிடுக. மலேசியாவுக்குள் நுழைய மலேசியக் குடிமக்களுக்கு அத்தகைய அட்டை தேவையில்லை.