கைத்துப்பாக்கி வாங்க நினைப்போர் கவனத்திற்கு

கைத்துப்பாக்கி வாங்குவது பற்றி நம் சங்கக் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒன்று, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டாஞ்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் பெரியவர்களின் திருட்டுப் பயம். மற்றொன்று, பிள்ளைகளின் ஆசை. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் வென்றபின் இந்த ஆசை வளர்ந்திருக்கிறது. குறைந்த விலையில் ஒன்றை வாங்கினால் வீட்டுக் காவலுக்கும் ஆகும், சுடுதளத்தில் பழகவும் ஆகும் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோரும் உண்டு.

இந்தக் கணக்கு சரிவராது. காவலுக்கான கருவி வேறு, பயிற்சிக்கான கருவி வேறு. சட்டமும் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உரிமம் பெறும் வழி

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டா சுடும் எந்தத் துப்பாக்கியையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கொச்சிவாசிகளான நமக்கு இது காக்கநாடு கலெக்டர் அலுவலகத்து வேலை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைக்க இடம் உண்டு என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை நடக்கும். உயிருக்கு உண்மையான ஆபத்து உண்டு என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். 'திருட்டுப் பயம்' என்று ஒரு வரி எழுதினால் அவருக்குத் திருப்தி வராது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு இது மூன்றாக இருந்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டானது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற தடைசெய்யப்பட்ட ரகமானால் குறைந்தது ஏழு ஆண்டு. 'மலிவாக ஒன்று இருக்கிறது, பேப்பர் ஒன்றும் வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும்.

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு மேலும் இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு உரிமத்திலும் அது செல்லும் எல்லை எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியை வாளையாறு தாண்டி இங்கே கொண்டுவருவது குற்றம். குடிமாறினால் அதையும் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, ஊரில் தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கி. உரிமம் அவருடைய பெயருக்குத்தான். துப்பாக்கியோடு சேர்ந்து அது பேரனுக்கு வந்துவிடாது. அவர் காலமானதும் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும். பரணில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டால் வாரிசுதான் குற்றவாளி ஆவார்.

சந்தையில் கிடைப்பது

உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களிலேயே நிறுத்தப்பட்டது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள் கைமாறும்போது பல மடங்கு விலை போகின்றன. சாதாரணமாகக் கிடைப்பவை நம் நாட்டு .32 ரகங்கள். அரசுத் தொழிற்சாலைகளின் 'அஷானி' பிஸ்டலும், கான்பூர் ரிவால்வர்களும் இவற்றில் முக்கியமானவை. பெண்களை மனதில் வைத்து 2014-இல் கொண்டுவரப்பட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். அன்றைய விலையே 1,22,360 ரூபாய். 2023-இல் 'பிரபல்' என்ற ரிவால்வரும் வந்தது. 2025 செப்டம்பர் முதல் பிஸ்டல், ரிவால்வருக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இதில் 'மலிவு' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

தோட்டாவும் இஷ்டம்போல் வாங்க முடியாது. ஒரு தடவைக்கு எத்தனை, ஓர் ஆண்டுக்கு எத்தனை என்று உரிமத்திலேயே இருக்கும். ஆனால் ஒரு பிஸ்டல் போட்டிக்கே 60 குண்டுகள். வாரம் மூன்று நாள் பழகுகிறவருக்கு அந்த ஆண்டு அளவு ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆகவே காவலுக்கு வாங்கிய .32 சுடுதளப் பயிற்சிக்கு உதவாது. தேர்தல் வந்தாலோ, உரிமதாரர்கள் பலர் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒரு சிறு கணக்கு

நகரும் பொருளின் ஆற்றல், அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். .32 பிஸ்டல் குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 275 மீட்டர். ஆற்றல் 174 ஜூல். ஏர் பிஸ்டல் பெல்லட் அரை கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர். ஆற்றல் 5.6 ஜூல்தான். முப்பது மடங்கு வித்தியாசம்.

இனி நம் மட்டாஞ்சேரி வீடுகளை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பலகைக் கதவுகள், ஓட்டுக்கூரைகள், ஓர் ஆள் அகலச் சந்துகள். நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், நடுங்கும் கையால் சுட்ட குண்டு குறி தவறினால், பலகையைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே தொட்டிலில் குழந்தை தூங்கலாம்.

ரயில்வே சிக்னலில் முதல் பாடம் ஒன்று உண்டு. கைகாட்டியின் கம்பி அறுந்துபோனால், கைகாட்டி தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். அதாவது, கருவி பழுதானாலும் மனிதன் தவறினாலும் விளைவு பத்திரமான பக்கம் விழ வேண்டும். வீட்டில் வைத்த துப்பாக்கி இதற்கு நேர்மாறு. பீரோவைப் பூட்ட மறந்தாலும், பிள்ளை எடுத்துப் பார்த்தாலும், கோபத்தில் ஒருவர் கை நீண்டாலும், அதன் விளைவு ஆபத்தான பக்கமே விழும். பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் வேறு இடத்தில் தோட்டாவும் வைத்தால் பத்திரம்தான். ஆனால் திருடன் வந்த நேரத்தில் இரண்டு சாவியைத் தேடி எடுத்துச் சுடுவது நடக்கிற காரியமா? மேலும், நாம் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டிய வீட்டில் இருக்கும் துப்பாக்கி வீட்டைக் காக்காது. திருடனுக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கும், அவ்வளவுதான்.

தற்காப்பு உரிமை நமக்குச் சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைச் சொல்கின்றன. கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல் போன்ற வேளைகளில் அந்த உரிமை உயிர் போகும் அளவுக்கும் நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் கூடவே இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் ஓடும் திருடனை முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

பயிற்சிக்கு ஏர் பிஸ்டல்

பிள்ளைகளின் ஆசைக்கு நல்ல வழி இருக்கிறது. 4.5 மி.மீ. (.177) குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. இதில் ஒன்று கூடினாலும் உரிமம் வேண்டும். ஒலிம்பிக் போட்டியே இந்த 4.5 மி.மீ. ரகத்தில்தான் நடக்கிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. அதைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து ஒற்றைக் கையால் சுட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. முதலில் வாங்காதீர்கள். ஆறு மாதம் பயிற்சி நிலையத்துப் பிஸ்டலில் பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் பிறகு வாங்கலாம். கேரளத்தில் மாநில ரைஃபிள் சங்கமும் மாவட்டச் சங்கங்களும் உண்டு. 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட வட்டியூர்க்காவு சுடுதளம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

2. ஸ்பிரிங் பிஸ்டல் விலை குறைவு. ஆனால் சுடும்போது உள்ளே ஸ்பிரிங் பாய்வதால் கை அதிரும். போட்டிக்கு அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ளதே ஏற்றது. இந்தியத் தயாரிப்புகளில் தொடங்குவது சிக்கனம். ஸ்டெயர், மொரினி, பார்தினி, வால்தர் போன்ற வெளிநாட்டு ரகங்கள் லட்சத்தைத் தாண்டும்.

3. பழையது வாங்கினால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பல கம்பெனிகள் பத்து ஆண்டுதான் ஆயுள் சொல்கின்றன. சுமார் 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அது. காலம் கடந்ததைத் தொட வேண்டாம்.

4. கைப்பிடி பிள்ளையின் உள்ளங்கைக்குப் பொருந்த வேண்டும். விதிப்படி எடை 1500 கிராமுக்கு மிகாமலும், விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

5. குண்டில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து இப்படிப் பழகுவதற்குச் செலவே இல்லை.

6. அடையாளச் சான்று கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆற்றல் குறைவு என்பதால் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து ஜூல் ஒரு கண்ணைப் போக்கப் போதும். குழலை யார் பக்கமும் திருப்பாதே, சுடும் நொடிவரை விரலை விசையில் வைக்காதே, குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள் என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காக நின்றவர். பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதற்கு அவரே சான்று.

வீட்டுக் காவலுக்கு

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். முன்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள், பின்கதவுக்கும் அதே அளவு கவனம், ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கு, கதவு திறந்தால் அலறும் மணி. திருடனுக்கு வேண்டியவை இருட்டும் அமைதியும். இவை இரண்டையும் கெடுத்துவிட்டால் பாதிக் காவல் ஆயிற்று. ஊருக்குப் போகும்போது கேரள போலீசின் 'போல் ஆப்' மூலம் பூட்டிய வீடு பற்றித் தெரிவிக்கலாம். அவசரத்துக்கு 112. எல்லாவற்றுக்கும் மேலாக அண்டை வீடு. சாவி ஒன்றையும் ஊர் திரும்பும் தேதியையும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் நம் பெரியவர்களுடையது. அதை விட்டுவிட வேண்டாம்.

உயிருக்கு மெய்யான மிரட்டல் உள்ளவர் முறைப்படி உரிமம் கேட்கட்டும். அதற்குத்தான் சட்டம் இடம் வைத்திருக்கிறது. மற்றவர்கள் கதவைப் பலப்படுத்துங்கள், பிள்ளையைச் சுடுதளத்துக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் சேர்த்தே ஒரு ரிவால்வர் விலை ஆகாது.