ஒரு ராணி போதும்

எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் கூட்டைத் தோண்ட வேண்டியதில்லை. கோடை முடிந்து நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும், தேனி மாவட்டத்தின் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்து வரப்புகளிலிருந்து இறக்கை எறும்புகள் கிளம்பும். வானத்திலேயே கலவி முடிந்துவிடும். ஆண்களின் கதை அதோடு சரி. தரையிறங்கிய ராணி, தன் இறக்கைகளைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, ஒதுங்க ஓர் இடம் தேடி ஓடும். அதைப் பிடித்துவிட்டால் ஒரு முழுக் கூட்டமே கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு வேண்டியது ஒரு சோதனைக் குழாயும் கொஞ்சம் பஞ்சும்தான். குழாயின் அடியில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும். ஈரம் மட்டும் கசிந்து வரும். மீதி இடத்தில் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைத்துவிடலாம். தீனி எதுவும் போட வேண்டாம். இனி பறக்கப் போவதில்லை என்பதால், இறக்கைகளை அசைத்த தசைகளையே அந்த உடல் கரைத்து, சேமித்த கொழுப்போடு சேர்த்து, முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஊட்டமாக மாற்றிக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும். பட்டினியில் வளர்ந்த பிள்ளைகள் என்பதால் அளவில் மிகச் சிறியவை. ஆனால் அவை இரை தேடத் தொடங்கிய நாளிலிருந்து ராணிக்கு முட்டையிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அன்று வானத்தில் பெற்ற விந்தை ஆயுள் முழுக்க உடம்பில் சேமித்து வைத்துச் செலவழிக்கும்.

இந்த முறையில் பல இன எறும்புகளை வளர்க்கலாம். அவற்றில் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பாசன நிலங்களுக்கு நன்றாகவே பொருந்திப்போன ஒன்று, மண்ணுக்குள் கூடு கட்டும் நெருப்பெறும்பு. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு வேறு, இது வேறு. இதன் அறிவியல் பெயர் சொலினாப்சிஸ் ஜெமினேட்டா. கூட்டத்தில் பெரும்பாலானவை சிறியவை. இடையிடையே உடம்புக்குப் பொருந்தாத பெரிய சதுரத் தலையோடு சில தென்படும். அவற்றைப் படைத்தளபதிகள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தத் தலை முழுக்கத் தாடைத் தசை, விதைகளை உடைத்து அரைப்பதற்கு.

1851இல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட இயற்கையியலாளர் ஜெர்டன், இதைப் புதிய இனம் என்று கருதித் தனிப் பெயரே சூட்டினார். இங்கேயே பிறந்தது போல அவ்வளவு சகஜமாக உலவியிருக்கிறது. ஆனால் இதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, இது கடந்த வழியைக் காட்டியது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் மண்ணோடு மண்ணாக ஏறி, மணிலாவிலிருந்து மற்ற துறைமுகங்களுக்குப் பரவியிருக்கிறது.

நெருப்பு என்ற பெயருக்குக் காரணம் இதன் கொடுக்கு. எறும்பு கடிப்பதை உற்றுப் பார்த்தால் இரண்டு வேலை நடப்பது தெரியும். முதலில் தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிறகு வயிற்றை வளைத்துக் கொடுக்கை இறக்கும். கவ்விய பிடியை விடாமல் உடம்பைச் சற்றே திருப்பி, பக்கத்தில் இன்னொரு குத்து, அப்புறம் இன்னொன்று. கொட்டும் மற்ற எறும்பு, குளவிகளில் பெரும்பாலானவற்றின் நஞ்சில் புரதமே பிரதானம். இதன் நஞ்சிலோ பெரும்பகுதி எண்ணெய் போன்ற ஆல்கலாய்டுகள். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம்தான் அவற்றின் அடிப்படை. குமுளி மலையில் விளையும் மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினிலும் இதே வளையம் உண்டு. சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் நஞ்சிலும் உண்டு. எரிச்சலுக்கும் கொப்புளத்துக்கும் ஆல்கலாய்டு காரணம். நஞ்சில் மிகக் குறைவாக இருக்கும் புரதமோ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிராபத்தையே உண்டாக்கும். வீட்டில் வளர்க்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

தீனி விஷயத்தில் இது அடம்பிடிக்காது. சர்க்கரைத் தண்ணீர், செத்த கரப்பான், விதை எல்லாம் ஆகும். ஆனால் வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. நெருப்பெறும்புகள் இறைச்சித் துணுக்கைக் கொண்டுபோய், கடைசிப் பருவத்து எறும்புப் புழுவின் வாய்க்குக் கீழுள்ள சிறு பள்ளத்தில் வைக்கின்றன. புழு அதன்மேல் நொதிகளைச் சுரந்து கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். கரைத்த சாற்றில் ஒரு பங்கை வேலைக்கார எறும்புகள் வாங்கி மற்றவற்றுக்கும் ராணிக்கும் ஊட்டும். நடக்கவும் தெரியாத குழந்தைகள்தான் குடும்பத்துக்கே வயிறு.

வளர்ப்பவரைத் திணற வைப்பது, கூட்டத்தைப் பெட்டிக்குள் நிறுத்தி வைக்கும் வேலை. பெட்டியின் சுவரில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசுவார்கள், அல்லது டெஃப்ளான் திரவம் தடவுவார்கள். கால் வழுக்கும் வரை பலன் உண்டு. நெய்க் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் வீட்டு முறையை இதனிடம் நம்ப முடியாது. அட்லாண்டாவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இதன் உறவினமான செந்நெருப்பெறும்புகளை உருண்டையாக்கித் தண்ணீரில் இட்டுப் பார்த்தார்கள். கல்லில் ஊற்றிய தோசை மாவு போல அது சில நிமிடங்களில் பரவித் தட்டையான மிதவையானது. காலும் தாடையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, இடையில் சிக்கிய காற்று அடியிலிருக்கும் எறும்பையும் மூழ்கவிடவில்லை. 2011இல் வெளியான முடிவு இது. வயலில் வெள்ளம் புகுந்தால் நெருப்பெறும்புக் கூட்டம் அழிவதில்லை, ராணியோடு இடம் மாறிக்கொள்கிறது.

ஆக, பட்டினி தாங்கும், எதையும் தின்னும், இட நெருக்கடியைப் பொறுக்கும், ஒரே ராணியிலிருந்து பெருகும். வளர்ப்பவர் மெச்சும் இந்தக் குணங்கள் அத்தனையும் ஆக்கிரமிப்பு உயிரினத்தின் குணங்கள். எளிதாக வளரும் எறும்பு, தப்பித்தால் எளிதாகவே பரவும். நம் நெருப்பெறும்பு கலாபகஸ் தீவுகளில் ராட்சத ஆமைக் குஞ்சுகளைத் தாக்குகிறது. ஹவாயில் சொட்டுநீர்க் குழாய்களைக் கடித்துத் துளைத்திருக்கிறது. சொட்டுநீரை நம்பியிருக்கும் வாழை விவசாயிக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செந்நெருப்பெறும்பை 1942இல் அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தருகே முதன்முதலாகக் கண்டு குறித்தவர்களில் ஒருவர் 13 வயதுச் சிறுவன். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் அவர்தான். இன்று அந்த எறும்பால் அமெரிக்காவுக்கு ஆகும் இழப்பும் செலவும் ஆண்டுக்கு 600 கோடி டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

வளர்ப்பவர்களின் ஆசைக்காகவும் எறும்புகள் எல்லை தாண்டிக் கடத்தப்படுகின்றன. 2025இல் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் ஏறக்குறைய 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். ஐரோப்பிய, ஆசியச் சந்தைகளில் செல்லப்பிராணியாக விலைபோகும் ராணிகள் அவை, பஞ்சடைத்த அதே குழாய்களில். நீதிமன்றம் ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. இந்தியாவிலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, அனுமதியில்லாமல் உயிருள்ள பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கக் கூடாது. ஆக்கிரமிப்பு எறும்பு ஒன்று மலையடிவாரத்தில் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குத் தேனிக்காரர்கள் வெகுதூரம் போய்ப் பார்க்க வேண்டாம். 2022இல் நத்தம் அருகே கரந்தமலைக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகியபோது, அவை பீய்ச்சிய ஃபார்மிக் அமிலத்தால் ஆடு மாடுகளின் கண்கள் பாழாவதாக மக்கள் புலம்பினார்கள். காட்டோரத்தில் மேய்ச்சலுக்குப் போகவே தயங்கினார்கள்.

ஆசையை விட வேண்டியதில்லை. கொடுக்கில்லாத நம் ஊர்க் கட்டெறும்பிலிருந்து தொடங்கலாம். நெருப்பெறும்பேதான் வேண்டுமென்றால் சொந்தக் கொல்லையில் பிடித்ததை மட்டும் வளர்க்கலாம். வேறு ஊர் ராணியைத் தபாலில் வரவழைக்கக் கூடாது. சலித்துப்போனால் மேகமலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது கருணை ஆகாது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும், இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியில் வைத்து முடித்துவிட வேண்டும். அந்த முடிவுக்கு மனம் துணியாதவர் ராணியைப் பிடிக்காமல் இருப்பதே நல்லது.