எண்ணெயில் இறங்கும் மஞ்சள்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குள் போனால் விரலி தனியே, கிழங்கு தனியே குவிந்திருக்கும். ஒரு விரலியை ஒடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் செம்மஞ்சள் நிறத்தைத் தருவது குர்குமின். வீக்கத்தைத் தணிக்கும் தன்மைக்காக உலகெங்கும் ஆராயப்படும் பொருள் அது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் படிந்துவிடும். தாளிக்கிற எண்ணெயில் போட்டாலோ நிறம் சட்டென்று இறங்கும். குர்குமின் நீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் நாம் உண்பதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

இதற்கு அறிவியல் காணும் வழிகளில் ஒன்று, கொழுப்பு நானோ துகள். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கொழுப்புத் துளிக்குள் குர்குமினைப் பொதிந்து அனுப்புகிறார்கள். கொழுப்பு உறை மருந்தைச் சிதையாமல் காக்கிறது. குடல் அதை உணவுக் கொழுப்பைப் போலவே ஏற்றுக்கொள்கிறது. கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளை உடலுக்குள் சுமந்து சென்றதும் இத்தகைய துகள்களே.

மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் குர்குமின் கூடுதலாக உடலில் சேரும் என்பதை 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் அடுப்படியில் எண்ணெயும் மிளகும் மஞ்சளும் என்றோ கூடிவிட்டன.

ஒன்றை மறவாதீர்கள்: சமையல் மஞ்சள் உணவு, செறிவூட்டிய குர்குமின் மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.