பேரைக் கேட்டதுமே பயந்தேன்!

எனக்கு வயது 34. பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டையும் இரண்டு குழந்தைகளையும் கவனிப்பதுதான் என் வேலை. என் அனுபவம் மற்ற தாய்மார்களுக்குப் பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை சமயம். ஏழு வயது மகளுக்குச் சளி, லேசான ஜுரம். ஜுரம் விட்டதும் வயிற்று வலியும் வாந்தியும் வந்தன. 'கண்டதைத் தின்றிருப்பாள்' என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். இரண்டு நாள் இப்படியே போய்விட்டது. மூன்றாம் நாள் காலை பாத்ரூம் வரை நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. கை, கால் சில்லிட்டிருந்தது.

ஆம்புலன்சில் சென்னைக்கு ஓடினோம். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "வைரஸ் கிருமி இதயத் தசையைத் தாக்கியிருக்கு" என்றார். அன்று இரவே செயற்கை சுவாசம் வைத்தும், மருந்து ஏற்றியும் ரத்த அழுத்தம் இறங்கிக் கொண்டே போனது. "எக்மோ வைக்கணும், கையெழுத்து போடுங்க" என்றார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. 2016-ல் ஜெயலலிதா அம்மாவுக்கும், 2020-ல் எஸ்.பி.பி. சாருக்கும் வைத்ததாக டி.வி.யில் கேட்ட பெயர் அது. "வேண்டாம்மா, அந்த மிஷின்ல போட்டு யார் பொழச்சாங்க? குழந்தையை வீட்டுக்கே கொண்டு போயிடலாம்" என்று மாமியார் அழுதார். என் வீட்டுக்காரர் பேச்சில்லாமல் என் முகத்தையே பார்த்தார்.

அப்போது அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "இது வியாதியைக் குணப்படுத்துற மிஷின் இல்லம்மா. கழுத்து வழியா ரத்தத்தை வெளியே எடுத்து, கார்பன் டை ஆக்சைடை நீக்கி, பிராண வாயு கலந்து, சூடாக்கி, திரும்ப உள்ளே அனுப்பும். இதயம், நுரையீரல் ரெண்டோட வேலையையும் அது பார்க்கும். அந்த நேரத்துல இதயம் ஓய்வெடுத்துத் தேறலாம். இந்த மாதிரி வைரஸ் தாக்கின குழந்தைகள் பலருக்கு இதயம் தானாவே தேறி வரும்" என்றார்.

ஆபத்தையும் மறைக்கவில்லை. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதால் ரத்தக் கசிவு ஏற்படலாம், மூளையும் பாதிக்கப்படலாம் என்றார்.

ஒரு கதையும் சொன்னார். 1975-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், பிறந்தவுடன் மூச்சுத் திணறிய ஒரு பச்சைக் குழந்தைக்கு ராபர்ட் பார்ட்லெட் என்ற டாக்டர் இதை வைத்தாராம். பெற்ற தாயும் விட்டுப் போன குழந்தை. நர்சுகள் எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்களாம். ஸ்பானிஷ் மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். அவள் பிழைத்து வளர்ந்து பெரியவளானாள் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு குழாயில் நாவல்பழ நிறத்தில் ரத்தம் வெளியே போகும். இன்னொன்றில் செக்கச் செவேலென்று திரும்பி வரும். மிஷின் பக்கத்தில் ராத்திரி பகல் ஆள் இருந்தார்கள். வீட்டுக்காரரின் நண்பர்கள் வரிசையாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன ஜாதி என்று மாமியார் கூடக் கேட்கவில்லை! என் நகை எல்லாம் அடகுக் கடைக்குப் போனது.

ஆறாம் நாள் எக்கோவில் இதயம் நன்றாகத் துடிப்பது தெரிந்தது. மிஷினை மெல்ல மெல்லக் குறைத்து எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துப் படுக்கையில் அதே மிஷினில் இருந்த பையன் பிழைக்கவில்லை. அவன் அம்மா போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க பொண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்றாள். அந்தக் கை இன்னமும் ஞாபகத்தில் இருக்கிறது.

மகளை ஆறு மாதம் ஓடி விளையாடக் கூடாது என்றார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கழுத்தில் சின்னத் தழும்பு. எக்கோ பார்க்க மட்டும் போய் வருகிறோம்.

சகோதரிகளே, சளி, ஜுரத்துக்குப் பிறகு குழந்தை துவண்டு போனாலோ, மூச்சு வாங்கினாலோ, கை கால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அஜீரணம் என்று நினைத்து என்னைப் போல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிஷின் பேரைக் கேட்டே பயந்துவிடாமல், "எதுக்கு வைக்கிறீங்க, குழந்தை தேற வாய்ப்பு இருக்கா, என்ன ஆபத்து?" என்று டாக்டரிடம் கேளுங்கள். படிக்காதவளாக இருந்தாலும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு.