கடை, கிட்டங்கி கட்டுவோர் கவனத்திற்கு!

ஏலக்காய் சீசன் முடிந்து கையில் நாலு காசு சேர்ந்தால், நம் போடிநாயக்கனூர் வியாபாரிகளுக்கு முதலில் வரும் எண்ணம், பழைய ஓட்டுக் கடையை இடித்துவிட்டுத் தளம் போட்ட கடையாகக் கட்டலாம் என்பதுதான். மிளகும் காப்பியும் அடுக்க ஒரு கிட்டங்கி போடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நல்ல எண்ணமே. ஆனால் நாம் விசாரிப்பதெல்லாம் இரண்டே விஷயங்கள்: யார் நல்ல கான்ட்ராக்டர்? சதுர அடிக்கு என்ன ரேட்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அனுமதி யார் பெயரில், யார் பொறுப்பில்? அதை நாம் கேட்பதில்லை.

அரசாங்க வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் பொதுப்பணித் துறை போன்ற துறைகளில் வகுப்புவாரியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நமக்குக் கடை கட்டித் தரும் கொத்தனாருக்கோ மேஸ்திரிக்கோ அப்படி உரிமம் எதுவும் கட்டாயமில்லை. ஆட்களின் எண்ணிக்கை கூடினால் தொழிலாளர் துறைப் பதிவு வேண்டும், அவ்வளவுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போடப் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வேண்டும். மின்சார வேலைக்கு மட்டும் மின் உரிம வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் அவசியம். மற்றபடி, யார் வேண்டுமானாலும் "நான் கான்ட்ராக்டர்" என்று வந்து நிற்கலாம். ஆகவே தவறு நேர்ந்தால் பறிபோக அவரிடம் லைசென்ஸ் இல்லை. நோட்டீஸ் வருவது இடத்துக்காரர் பெயருக்குத்தான்.

நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும்? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதியில்லாத கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடலாம், இடிக்கவும் செய்யலாம். "எத்தனையோ கட்டடங்கள் அப்படித்தான் நிற்கின்றன" என்று சொல்லும் அன்பர்கள் மீரட் நகரத்துச் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் மீரட்டில், குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மனையில் கடைகளைக் கட்டி வெகுகாலம் வியாபாரம் நடந்தது. 2024 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் அவற்றை இடிக்கச் சொன்னது. 2025 அக்டோபரில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் இடிக்கப்பட்டன.

அந்தத் தீர்ப்பு மீரட்டோடு நிற்கவில்லை. அனுமதியில்லாத கட்டடத்தில் வியாபாரம் செய்ய எந்த உள்ளாட்சியும் லைசென்ஸ் தரக்கூடாது, நிறைவுச் சான்று பார்த்த பிறகே வங்கி கடன் தர வேண்டும், மின்சாரம், தண்ணீர் இணைப்பும் அதன் பிறகே என்று நாடு முழுவதற்கும் அதில் உத்தரவு இருக்கிறது. கட்டடக் கோளாறு கடைசியில் நம் கடை லைசென்ஸிலும் வங்கிக் கடனிலும் வந்து நிற்கும் என்பதே இதன் பொருள்.

எனவே முதல் வேலை அனுமதி. தமிழ்நாட்டில் இப்போது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அமலில் உள்ளன. கட்டடத்தின் அளவைப் பொறுத்து நகராட்சியிலோ, நகர் ஊரமைப்புத் துறையிலோ அனுமதி பெற வேண்டும். 2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கென்று தொடங்கியது அது. வீட்டுக்கென்று ஒதுக்கிய மனையில் கடை கட்டியதுதான் மீரட்டில் நடந்த தவறு. கடைக்குக் கடை என்றே விண்ணப்பியுங்கள்.

மலைச்சரிவில் கட்டுவோருக்கு இன்னும் ஒரு படி உண்டு. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமமானால், 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் தேவைப்படும். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சட்டமே வேறு. கேரளத்தின் 1964 நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பெற்ற பட்டா, விவசாயத்துக்கும் வீட்டுக்கும் என்று நோக்கம் குறித்துக் கொடுக்கப்பட்டது. இதில் கடை, விடுதி கட்டியவர்கள் பட்ட பாடு இடுக்கி மாவட்டம் முழுவதும் தெரியும். 2023இல் கேரள சட்டசபை திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கம் ஏல ஸ்டோரோ கிட்டங்கியோ போட நினைப்பவர்கள், வில்லேஜ் ஆபீசில் பட்டாவின் தன்மையைக் கேட்டறியாமல் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.

அடுத்தது செலவு. ஓர் உதாரணம். 1,500 சதுர அடி கிட்டங்கி, அதாவது 15 சதுரம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒப்பந்தத் தொகை 30 லட்சம். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கான்ட்ராக்டர் சாமானும் கூலியும் சேர்த்து எடுத்தால் 18 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம் கூடும். "நமக்குத்தான் ஜி.எஸ்.டி. இருக்கிறதே, வரவு எடுத்துக்கொள்ளலாம்" என்று எண்ணிவிடாதீர்கள். நம் உபயோகத்துக்குக் கட்டும் கட்டடத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், வாடகைக்கு விடக் கட்டும் கட்டடங்களுக்கு அந்த வரவு கிடைக்கக்கூடும் என்று சற்றே வழி திறந்தது. 2025 நிதிச் சட்டம் 2017 ஜூலை முதலே அமலாகும்படி வாசகத்தைத் திருத்தி அதை அடைத்துவிட்டது. ரிப்பேர் வேலை மட்டும் விலக்கு. அதைச் சொத்தில் ஏற்றாமல் செலவில் எழுதினால் வரவு எடுக்கலாம்.

சாமான் நாமே வாங்கிக் கூலி மட்டும் பேசினால், சிறிய கொத்தனாருக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆகவே கூலிக்கு வரி விழாது. பதிவில்லாதவர் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாயும் கேட்கக்கூடாது, நாமும் கொடுக்கக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் பேசிய ரேட்டாக இருந்தால் கேட்டுக் குறையுங்கள்.

இவை போக, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கட்டட மதிப்பீட்டில் 1 சதவீதம் கட்ட வேண்டும். அது தொழிலாளி குடும்பத்துக்குப் போகும் பணம், முணுமுணுக்காமல் கட்டுவோம். முந்தைய ஆண்டில் 1 கோடிக்கு மேல் வியாபாரம் செய்தவர்கள், கடை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் தனிநபரானால் 1 சதவீதம், கம்பெனியோ பார்ட்னர்ஷிப்போ ஆனால் 2 சதவீதம் வருமான வரி பிடித்துச் செலுத்த வேண்டும். ஒரே தவணை 30,000 ரூபாயைத் தாண்டினாலும், வருஷத்தில் மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலும் இது பொருந்தும். பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். முன்பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கடைசியாக, ஒப்பந்தம். நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கினாலும் பில் கேட்கும் நாம், 30 லட்சம் ரூபாய் வேலையை வாய்ப் பேச்சில் விடுகிறோம். கம்பி, சிமெண்டு எந்த ரகம், எம் சாண்ட் யார் பொறுப்பு, மலைக்கு ஏற்றும் லாரி வாடகை ரேட்டில் சேர்ந்ததா, ஆளுக்கு அடிபட்டால் யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் சாவி வரும் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வேலை ஏற ஏறத் தவணையாகக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று கழியும் வரை 5 சதவீதத்தைப் பிடித்து வைப்பது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒழுகும் கிட்டங்கியில் நனைந்த மூட்டைக்கு யாரும் விலை தருவதில்லை.

நாம் ஒரு யோசனை சொல்கிறோம். ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஒரு நோட்டுப் போடட்டும். உறுப்பினர் கட்டிய கட்டடம், கட்டியவர் பெயர், பேசிய ரேட், முடிந்த ரேட், சொன்ன தேதி, முடித்த தேதி ஆகியவற்றை அதில் பதியலாம். நல்ல மேஸ்திரிக்கு அதுவே நற்சான்றாகும். அடுத்துக் கட்டப்போகும் சிறு வியாபாரி முன்பணம் கொடுக்கும் முன் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.